அடிலெய்ட் சாலையில் ஒரு விரல்

சளார்...!

மெரினின் சாம்பல் நிறக் கோட்டில் முழங்காலிலிருந்து இடுப்பு வரை செம்மண் தண்ணீர். வருடம் முழுக்கப் புழுதி பறக்கும் புரோக்கன் ஹில்லில், அபூர்வமாகத் தேங்கிய ஒரு குட்டை... அதுவும் அவள் பக்கத்திலா இருந்து தொலைய வேண்டும்?

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

பச்சை நிறப் பழைய பிக்கப் ஒன்று பெட்ரோல் பம்பருகே குலுங்கி நின்றது. கதவைத் திறந்து இறங்கியவன் நெடுநெடுவென்று இருந்தான். நனைந்த தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கண்கள்... கோபத்திலும் அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மழைக்கு முந்தைய வானத்தின் நிறம்.

"மன்னிச்சிடுங்க. இந்த ஊர்ல தண்ணி தேங்கும்னு யாருக்குங்க தெரியும்?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டறவங்களுக்குத் தெரியும்!"

"பார்த்துதான் ஓட்டினேன். நீங்கதான் பஸ் வரும்னு வானத்தைப் பார்த்துட்டு நின்னீங்க... வானத்துல பஸ் வராதுங்க."

வேறொரு நாளாயிருந்தால் அவளும் பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பாள். வாய்க்குப் பஞ்சமில்லாதவள்தான் மெரின். இன்று முடியவில்லை. திரும்பி விறுவிறுவென்று பஸ் டிக்கெட் அறைக்குள் போய்விட்டாள்.

கதைகளில் மழை வந்தால் பின்னாலேயே ஒரு குடை வரும், குடைக்குள் இரண்டு பேர் வருவார்கள். இந்தப் பக்கத்தில் மழை வந்தால் வருவது சாலைத் தடுப்பு மட்டும்தான். இரண்டு நாளாகக் கொட்டித் தீர்க்கிறது. எப்போதும் மணலாய்க் கிடக்கும் ஓடைகளெல்லாம் நெடுஞ்சாலை மேல் ஏறி ஓடிக்கொண்டிருந்தன.

"பஸ் இன்னிக்குக் கிடையாதும்மா மெரின்," என்றாள் டிக்கெட் கொடுக்கும் டோரீன். "தண்ணி வடிஞ்சாத்தான் எடுப்பாங்களாம்."

"பிளேன்?"

"காலையில இருந்து ஒண்ணும் இறங்கல. மேகம் கூரைல உரசுது பாரு."

ரயிலைப் பற்றி மெரின் கேட்கவே இல்லை. அடிலெய்ட் பக்கம் போகிற ரயில் வாரத்துக்கு ஒன்று. அது நேற்றே போய்விட்டது. சொந்தக் கார்? போன வாரம்தான் ஒரு கங்காரு குறுக்கே பாய்ந்து அதன் முன்பக்கத்தை அப்பளமாக்கியிருந்தது.

நேற்றிரவு அப்பாவின் இதயம் பாதியில் நின்று, பிறகு அரைகுறையாக ஓடத் தொடங்கியது. மழை இன்னும் வலுப்பதற்குள் பறக்கும் மருத்துவர்களின் சிறிய விமானம் வந்து அவரை அடிலெய்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கூடப் போக ஒரே ஓர் இருக்கை. பக்கத்தில் இருந்த தங்கை லோவெனா ஏறிக்கொண்டாள். மெரின் சுரங்க அலுவலகத்தில் இரவு வேலையில் இருந்தாள். விடியும்போது லோவெனா அழைத்து ஒரே வரி சொன்னாள்: "அக்கா, டாக்டர் சீக்கிரம் வரச் சொல்றார்..."

"டோரீன் அத்தை, நான் எப்படியாவது போயாகணும்... நடந்தாவது போறேன்..."

"ஐநூறு கிலோமீட்டர் நடப்பியா?"

"நான் அடிலெய்டுக்குத்தான் போறேன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பெட்ரோலுக்குப் பணம் கட்ட வந்தவன்தான். மழைநிறக் கண்ணுக்காரன். "வண்டி உயரம். ரோடு இன்னும் மூடல, எச்சரிக்கை மட்டும்தான் போட்டிருக்காங்க. கோட்டை நனைச்சதுக்கு இதையாவது செய்யறேன். யாரைப் பார்க்கப் போறீங்க?"

"எங்கப்பாவை. ஜாகோ ட்ரெம்பாத்."

அவன் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. டோரீன் அவனைப் பார்த்தாள், மெரினைப் பார்த்தாள், எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"போ," என்றாள் மெதுவாக. "போய்ச் சேரு கண்ணு... நேரமாகுது."

இருந்த அவசரத்தில் மெரின் அந்தத் தயக்கத்தைக் கவனிக்கவில்லை.

அவன் பெயர் இவோ என்றான். அதற்கு மேல் சொல்லவில்லை. மேற்கே இரும்புச் சுரங்கத்தில் பத்து வருடமாக வேலை. அம்மாவை அடக்கம் செய்ய ஊருக்கு வந்தவன், வீட்டை விற்றுவிட்டு மொத்தமாகக் கிளம்பிவிட்டான். பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் இருப்பது அம்மாவின் சாப்பாட்டு மேசையும் நாலு நாற்காலியும். வண்டி அப்பாவுடையது. அவர் எப்போதோ இறந்துபோனார்.

"ஊருக்குத் திரும்பி வர மாட்டீங்களா?"

"எதுக்குங்க?"

அந்த 'எதுக்குங்க'வில் இருந்த வெறுமையைக் கேட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டி மாநில எல்லையைத் தாண்டியது. வைப்பர் கிறீச் கிறீச்சென்று அழுதது. எதிரே ஒரு மாட்டு லாரி வந்தது. இவோ ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்தினான். லாரிக்காரரும் உயர்த்தினார். அந்தச் சாலையில் அது எல்லோருக்கும் உண்டு. நூறு கிலோமீட்டருக்கு ஒரு மனித முகம் பார்க்கிற இடத்தில் விரலையாவது காட்டாமல் போவார்களா?

"நீங்க ஒத்தை விரல் ஆளா?" என்றாள் மெரின். பேசாமலிருந்தால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது. "எங்கப்பா ரெண்டு விரல் தூக்குவார். கூட வேலை பார்த்தவங்கன்னா மொத்தக் கையும். கருங்காலிகளுக்கு மட்டும் ஒண்ணும் கிடையாது... சுண்டு விரல்கூட."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். ஊரில் எல்லோரும் சொல்கிற வேடிக்கைதான் அது. அந்தக் காலத்துப் பெரிய வேலைநிறுத்தத்தில் சுரங்க வாயிலைத் தாண்டி உள்ளே வேலைக்குப் போனவர்கள் சில பேர். அவர்களோடு ஊர் இன்றுவரை பேசுவதில்லை. அவர்கள் பிள்ளைகளோடும் பேசுவதில்லை. மாட்டிச் குடும்பம் என்று ஒன்று. அந்தப் பெயரை வீட்டில் சொன்னாலே அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். அந்த வேலைநிறுத்தக் குளிர்காலத்தில் அம்மா கல்யாண மோதிரத்தை விற்றாள்.

இவோ சிரிக்கவில்லை.

இன்னொரு வண்டி வந்தது. கதவில் புரோக்கன் ஹில் கசாப்புக் கடையின் பெயர். இவோ விரலை உயர்த்தினான். அந்த ஆள் நேராக இவர்கள் வண்டியைப் பார்த்தார்... முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"மழையில பார்க்கல போலிருக்கு," என்றாள் மெரின்.

"பார்த்தாருங்க."

அதை அவன் சொன்ன விதம் அவளுக்குள் எங்கோ உறுத்தியது. கேட்பதற்குள் அவன் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்து அவள் மடியில் போட்டான். நிறைய மாண்டரின் ஆரஞ்சுகள்.

"எங்க வீட்டு மரம். கடைசிக் காய்ப்பு. பூச்சி பரவும்னு பழத்தைப் பிடுங்கிப் போடற சோதனைச்சாவடி வர்றதுக்குள்ள சாப்பிட்டு முடிக்கணும், இல்லேன்னா குப்பைத்தொட்டிதான். உதவி பண்ணுங்க."

"இத்தனையுமா? உங்களுக்கு என்ன, பைத்தியமா?"

"மரத்தைப் பிடுங்கிட்டு வர முடியலையே."

அவள் உரித்தாள். பிசுக்கும் மணமுமாய் விரலெல்லாம் ஒட்டியது. அவன் ஒரு கையால் வண்டியை ஓட்டிக்கொண்டு, மறு கையால் ஒரு சுளையின் மேலிருந்த வெள்ளை நார்களையெல்லாம் பொறுமையாக எடுத்து அவளிடம் நீட்டினான்.

"நாரோடயே சாப்பிடுவேன் நான். குழந்தையா என்ன?"

"அம்மாவுக்குக் கடைசி மாசத்துல இப்படித்தான் கொடுத்தேன். கை பழகிடுச்சு..."

அவள் வாங்கிக்கொண்டாள். விரல் நுனிகள் பட்டன. வாயில் போட்டதும் சாறு தெறித்து அவன் கன்னத்தில் விழுந்தது. அவன் அதிர்ந்து விழிக்க... அவள் சிரித்துவிட்டாள். நேற்றிலிருந்து மனம்விட்டு வந்த முதல் சிரிப்பு. அவனும் சிரித்தான். சிரிக்கும்போது அந்தக் கண்கள் கொஞ்சம் வெளுத்து, அதற்குள் மழை விட்டுவிட்டதுபோல் இருந்தது.

அடுத்த நொடியே பையைச் சுருட்டி மடியில் அழுத்திக்கொண்டாள்.

'அப்பா அங்கே சாகக் கிடக்கிறார்... நான் இங்கே யாரோ ஒருத்தன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறேனா?'

யுண்டாவில் பெட்ரோல் போட நின்றார்கள். பம்போடு ஒட்டிய சாப்பாட்டுக் கடை, கூரைக்கு அடியில் ஒரு பெஞ்ச், சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீரில் நிற்கும் வெற்று நிலம். போனில் சிக்னல் கிடைத்தது.

"லோ! யுண்டா வந்துட்டேன். அப்பா எப்படி இருக்கார்?"

"முழிச்சிருக்கார்க்கா. உன்னையேதான் கேட்கறார். எதுல வர்றே?"

"இவோன்னு ஒருத்தர் கூட்டிட்டு வர்றார். பழைய பச்சை பிக்கப்பு."

"எந்த இவோ? அக்கா, பச்சை பிக்கப்னா..." என்று அவள் ஏதோ சொல்லத் தொடங்கும்போதே இணைப்பு அறுந்தது.

பின்னால் யாரோ கனைத்தார்கள். கிளாரி மாமா. அப்பாவோடு முப்பது வருடம் சுரங்கத்தில் இருந்தவர். அடிலெய்டிலிருந்து ஊருக்குத் திரும்பும் வழியில் டீ குடிக்க நின்றிருந்தார்.

"அப்பா விஷயம் கேள்விப்பட்டேன் கண்ணு... மனசே சரியில்ல." பிறகு அவர் பார்வை பம்புப் பக்கம் போனது. குரல் தாழ்ந்தது. "நீ அந்த வண்டிலயா வந்தே?"

"ஆமா மாமா. ஏன்?"

"அது மாட்டிச் வண்டிம்மா. கருங்காலியோட பையன் அவன். உங்கப்பாவோட கடைசிப் படுக்கைக்கு... போயும் போயும் அவன் வண்டிலயா போய் இறங்கப் போறே?"

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் வண்டியில் ஏறி வடக்கே போய்விட்டார். மெரின் அங்கேயே நின்றாள்.

இவோ பணம் கட்டிவிட்டு இரண்டு டீயோடு வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

"தெரிஞ்சேதானே கூட்டிட்டு வந்தீங்க?" என்றாள் அவள். "எங்கப்பா பேரைச் சொன்னப்பவே தெரியும் உங்களுக்கு!"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா ஏறியிருக்க மாட்டீங்க. உங்கப்பாவைப் பார்க்க வேண்டாமா நீங்க?"

"உங்கப்பா உள்ளே போனப்ப எங்கம்மா மோதிரத்தை வித்தாங்க! தெரியுமா அது?"

"எங்கப்பா பயந்தாருங்க." அவன் குரல் உயரவே இல்லை. "பெரிய கதையெல்லாம் ஒண்ணுமில்ல. பயந்தாரு, உள்ளே போனாரு. சாகிற வரைக்கும் அதுக்காக யாரையும் நிமிர்ந்து பார்க்கல. எனக்கு அப்ப மூணு வயசு. ஏறுங்க... என்னை அப்புறம் வெறுத்துக்கலாம். போற வழியெல்லாம்கூட வெறுக்கலாம். நான் பேசவே மாட்டேன்."

"நீங்க போங்க. நான் பஸ்ஸுல வந்துக்கறேன்."

"பஸ் வராதுங்க."

"வரலேன்னா வேற வண்டி வரும். உங்க வண்டில வர மாட்டேன்!"

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவன் ஒரு டீயை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வண்டிக்குப் போனான். போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை. கதவை மூடிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான்.

தெற்கே போக ஒரு லாரி வந்தது. ஆள் ஏற்றினால் வேலை போய்விடும் என்று டிரைவர் கையை விரித்தார். ஒரு குடும்பம் வந்தது. மூன்று குழந்தைகள், இரண்டு நாய்கள், ஊசி நுழைய இடமில்லை. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. டீயில் ஆடை படிந்தது. மழை மட்டும் பெய்துகொண்டே இருந்தது. நகரம் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது, வண்டி முப்பதடி தள்ளி இருந்தது. அவள் அந்த முப்பதடியை நடக்கவில்லை.

என்ன பெண் இவள் என்று உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கும்தான் வருகிறது. ஆனால் அந்த ஊரில் பிறந்தவர்களில் பாதிப் பேர் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

நண்பகல் தாண்டிய பிறகு போன் ஒலித்தது.

"அக்கா, எங்கேக்கா இருக்கே?" லோவெனா அழுதுகொண்டிருந்தாள். "இன்னும் யுண்டாவா? ஏன்க்கா... ஏன்...?"

மெரின் எழுந்தாள். ஓடினாள். கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். இவோ எதுவும் கேட்கவில்லை. சொன்னபடியே ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டி மட்டும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறந்தது.

பழச் சோதனைச்சாவடியில் மஞ்சள் சட்டைக்காரர் ஜன்னலில் குனிந்தார். "பழம் ஏதாவது இருக்கா?"

மடியில் பை இன்னும் முக்கால்வாசி நிறைந்திருந்தது. மெரின் இறங்கிப் போய்த் தொட்டிக்குள் கவிழ்த்தாள். மாண்டரின்கள் ஒவ்வொன்றாய் உருண்டு இருட்டுக்குள் விழுந்தன. அவன் அம்மாவின் மரம்... கடைசிக் காய்ப்பு... திரும்பி வந்து உட்கார்ந்தபோது கையில் அந்த மணம் மட்டும் மிச்சமிருந்தது.

அடிலெய்ட் விளக்குகளைப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மருத்துவமனை வாசலில் இறங்கினாள். நன்றி சொல்லவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

நீண்ட நடையின் கடைசியில் லோவெனா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அவள் நின்ற விதத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

"எப்போ...?"

"நீ வந்துட்டிருக்கறப்பதான்க்கா. கொஞ்சம் முன்னாடி."

மெரினுக்கு அழுகை வரவில்லை. உள்ளே போய் அப்பாவின் கையைத் தொட்டாள். முழுசாய்க் குளிரவில்லை இன்னும். அந்தக் கொஞ்சச் சூடுதான் அவளைக் கொன்றது. யுண்டாவின் பெஞ்ச், ஆடை படிந்த டீ, முப்பதடி தூரம் எல்லாம் அந்தக் கையில் இருந்தன.

"நீ போன் பண்ணினதும் அப்பாகிட்ட சொன்னேன்," என்றாள் லோவெனா, பின்னால் நின்று. "அக்கா மாட்டிச் பையன் வண்டில வர்றான்னு. திட்டப் போறார்னு பயந்துட்டே சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"ஜன்னல் பக்கமே பார்த்துட்டிருந்தார். அப்புறம்... 'அந்தப் பையனுக்கு ஒரு விரலாவது தூக்கியிருக்கலாம். அவன் என்ன பண்ணினான்'ன்னார். 'நல்லா ஓட்டுவானா?'ன்னு கேட்டார். தெரியலப்பான்னேன்." லோவெனா அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "'நிதானமா வரச் சொல்லு, நான் இருப்பேன்'ன்னார்க்கா."

நான் இருப்பேன்...

அப்போதுதான் அழுதாள் மெரின். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தங்கை தாங்கிப் பிடிக்க, குழந்தைபோல் வாய்விட்டு அழுதாள். யாருக்காக இறங்கினாளோ, அவர் இறங்கச் சொல்லவே இல்லை.

வெளியே வந்தபோது மழை தூறலாகியிருந்தது. அவன் போயிருப்பான். போகட்டும். போகாமல் அவன் எதற்கு நிற்க வேண்டும்?

வண்டிகள் நிறுத்துமிடத்தின் மூலையில், வரிசையாய் நின்ற பளபளக்கும் நகரத்துக் கார்களுக்கு நடுவே, சேறு பூசிய பச்சை பிக்கப் நின்றது. தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

மெரின் வண்டிக்கு நேர் எதிரே போய் நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் நிமிர்ந்தது. அவள் வலது கையை மெதுவாக உயர்த்தினாள். ஆள்காட்டி விரலை மட்டும்.

இவோ அசையவில்லை. புரோக்கன் ஹில்காரி ஒருத்தி அவனுக்கு விரல் தூக்குவது அவன் பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

அவள் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போயிட்டாரா?" என்றான், தலையை நிமிர்த்தாமல்.

"ம்."

"நான் வலுக்கட்டாயமா உங்களைத் தூக்கிப் போட்டாவது கூட்டிட்டு வந்திருக்கணும்..."

"நல்லா ஓட்டுவானான்னு கேட்டாராம் அப்பா. உன்னைப் பத்தி." 'நீங்க' எப்போது 'நீ' ஆயிற்று என்று இருவருமே கவனிக்கவில்லை. "பதில் சொல்ல நான் வரல. நல்லா ஓட்டுவான்ப்பான்னு சொல்ல... நான் வரல இவோ."

வைப்பர் ஒருமுறை போய் வந்தது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள். "நான் இறங்கினது உங்கப்பாவுக்காக இல்ல. ஊருக்காகவும் இல்ல. அப்படித்தான் எனக்கே சொல்லிக்கிட்டேன். பொய்! அந்தச் சுளையில நாரை எடுத்துக் கொடுத்தே பாரு... அப்பவே எனக்கு உன்னைப் பிடிச்சுப்போச்சு. அப்பா சாகக் கிடக்கறப்ப ஒருத்தனைப் பிடிச்சுப்போச்சேன்னு என் மேலயே எனக்கு அருவருப்பு. அதுக்குமேல உன் குடும்பப் பேரையும் கேட்டதும்... உன்னைவிட்டு ஓடணும்னு தோணிச்சு. அதான் இறங்கினேன். உன் மேல ஆசைப்பட்டுத்தான் அவரை இழந்தேன்... இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?"

இவோ தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். அவன் கண்களில் இப்போது எந்த வானமும் இல்லை. அழுது சிவந்த சாதாரணக் கண்கள்தான்.

"என்னைப் பார்க்கறப்பல்லாம் அந்த பெஞ்ச் ஞாபகம் வரும் உனக்கு," என்றான்.

"வரும்."

"என்னை வெறுக்கக்கூடச் செய்வே, சில நாள்."

"செய்வேன். ஆனா அந்த பெஞ்சைப் பத்தித் தெரிஞ்சவன் உலகத்துல நீ ஒருத்தன்தான்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாவை ஊருக்குக் கொண்டு போகணும். சவ வண்டில. அதுக்குப் பின்னாடி முதல் வண்டி உன்னோடதா இருக்கணும். நான் அதுல வருவேன்."

"ஊரே ரோட்டோரம் நிக்கும் மெரின். யாரும் விரல் தூக்க மாட்டாங்க. இனிமே உனக்கும்தான்."

"தெரியும்."

"நான் திரும்பிப் போறதில்லைன்னு முடிவு பண்ணியிருந்தேன்... வீடுகூட இல்ல."

"பின்னாடி ஒரு மேசையும் நாலு நாற்காலியும் இருக்கே," என்றாள்.

அவன் அவள் கையை எடுத்து, இன்னும் மாண்டரின் மணக்கிற அந்த விரல்களைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

"நீ கோட்டை உதறிக்கிட்டு என்னைத் திட்டினே பாரு, கண்ணு தெரியலையான்னு... அந்த ஊர்ல என் முகத்தைப் பார்த்து ஒருத்தி திட்டினதே எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அப்பவே விழுந்துட்டேன். அதைச் சொல்ல எனக்குப் பாத்தியதை இல்லைன்னு இருந்தேன்."

"இப்ப சொல்லு."

"உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு மெரின். உங்கப்பா உயிரோட இருக்கறப்பவே சொல்லியிருக்கணும்."

மேலே மூன்றாவது மாடியில், அப்பா கிடந்த அறையின் ஜன்னலில் விளக்கு அணைந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.